சேனல் போனால் டிஷ்ஷை மாற்றுவோமா?

ஆகஸ்ட் 30, 2024. ஒரு வாசகர் கேட்டது:

"ஒரு வாரமாகத் திரையின் அடியில் எழுத்து ஓடிக்கொண்டிருக்கிறது. 'உங்கள் டிஷ் நிறுவனம் இந்தச் சேனல்களைப் பறிக்கப்போகிறது, உடனே அழைத்துக் கண்டியுங்கள்' என்று. மொத்தம் 11 சேனல்கள். அவற்றில் நாங்கள் பார்ப்பது மூன்று. அவை போனால் வேறு நிறுவனத்துக்கு மாறிவிடுவேன் என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. உண்மையிலேயே இதற்காக யாராவது மாறுகிறார்களா, அல்லது நான் மட்டும்தான் குதிக்கிறேனா?"

ஆகஸ்ட் 30, இரவு

மாற மாட்டீர்கள்.

ஒரு செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனத்தின் கால் சென்டரில், இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி வருகிறவர்களைப் பேசி நிறுத்தும் மேசையில் நான்கு ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். "நாளைக்கே மாறிவிடுகிறேன் பார்" என்றவர்களில் பெரும்பாலோர் அடுத்த மாதம் வேறொரு புகாரோடு அதே எண்ணிலிருந்து அழைத்தார்கள். சிலருடைய குரலே பழகிவிட்டது. உண்மையில் போகிறவர் சத்தம் போடமாட்டார். பெட்டியை எங்கே திருப்பித் தரவேண்டும் என்று மட்டும் கேட்பார். நாம் சலுகை என்று வாயெடுக்கும்போதே, "அதெல்லாம் வேண்டாம் தம்பி, பெட்டியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பார். அந்தக் குரலைக் கேட்டதும் நாங்கள் ஹெட்போனைக் கழற்றித் தண்ணீர் குடிக்கப் போய்விடலாம். பேசிப் பயனில்லை.

நீங்கள் கேள்வியை மூன்று வரியில் கேட்டிருந்தால் பயந்திருப்பேன்.

ஆகஸ்ட் 31

அந்த ஓடும் எழுத்தைப் பற்றி நேற்றே சொல்லியிருக்க வேண்டும். அதை ஓட்டுவது சேனல்காரர், டிஷ்காரர் இல்லை. ஒரு சேனல் குழுமத்துக்கு டிஷ் நிறுவனம், ஒரு சந்தாதாரருக்கு மாதம் இவ்வளவு என்று கணக்கிட்டுப் பணம் கொடுக்கிறது. அந்தச் சேனலை நீங்கள் ஒரு நிமிடம்கூடப் பார்க்காவிட்டாலும் உங்கள் தலைக்கும் சேர்த்தே கணக்கு. ஒப்பந்தம் முடியும்போது குழுமம் கூடுதலாகக் கேட்கும். யாரும் பார்க்காத தம்பிச் சேனல்கள் நான்கைந்தையும் சேர்த்துத் தள்ளும். நிறுவனம் மறுக்கும். கடைசி நாள் முடிந்ததும் திரை கறுக்கும். உங்களை அழைக்கச் சொல்வது, பேரத் தராசில் உங்களையும் ஒரு எடைக்கல்லாக வைப்பதற்கு.

அந்த வாரங்களில் எங்களுக்கு ஒரு தாளில் பதில்கள் அச்சடித்துத் தருவார்கள். முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: "உங்கள் கட்டணம் உயரக்கூடாது என்பதற்காகவே நாங்கள் போராடுகிறோம்." சேனல் போன மாதம் கட்டணம் குறையுமா என்று கேட்பவர்களுக்கு அந்தத் தாளில் பதில் இருக்காது.

செப்டம்பர் 2

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். அமெரிக்காவில் நேற்று மாலை டிஸ்னி குழுமத்தின் சேனல்கள், டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனத்தில் நின்றுவிட்டன. டிஸ்னியின் விளையாட்டுச் சேனலான ஈஎஸ்பிஎன்னில் அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் நடந்துகொண்டிருக்கும்போதே. அதன் இன்னொரு சேனலான ஏபிசியில் கல்லூரி அமெரிக்கக் கால்பந்துப் போட்டி ஒன்று தொடங்குவதற்குச் சற்று முன்னால். டைரக்டிவிக்கு 1 கோடியே 10 லட்சம் சந்தாதாரர்களுக்கு மேல் இருக்கிறார்கள். அந்த நாளை எப்படித் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் பாருங்கள். எந்த ஒப்பந்தமும் யாருக்கும் வேண்டாத ஒரு பிப்ரவரிச் செவ்வாய்க்கிழமையில் முடிவதாக எழுதப்படுவதில்லை.

இப்போது அங்கே எல்லோரும் "மாறுகிறேன்" என்று எழுதிக்கொண்டிருப்பார்கள். என் மேசை அனுபவத்தில் முதல் இரண்டு நாள்தான் அழைப்புகள் குவியும். மூன்றாம் நாள் பாதியாகும். ஐந்தாம் நாள் வழக்கம்போல, ரிமோட் வேலை செய்யவில்லை என்பவர்கள் வருவார்கள்.

செப்டம்பர் 3

வெறும் வாய்ச்சொல் என்று ஒருவர் குத்திக் காட்டியிருக்கிறார். சரி, கணக்கு.

அமெரிக்காவின் டிஷ் நெட்வொர்க் (இங்கே டிஷ் என்பது நிறுவனத்தின் பெயர், கூரைமேல் இருக்கும் தட்டு அன்று, இந்தக் குழப்பம் இந்தக் கேள்வி-பதில் இழை முழுதும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்) 2012 ஜூலை தொடங்கும்போது ஏஎம்சி சேனலை நீக்கியது. அப்போது ஊரே பேசிய தொடர்கள் அந்தச் சேனலில்தான் ஓடின. அக்டோபர் 21 வரை அது திரும்பவில்லை. ஒரு முழுக் காலாண்டு கறுப்பு. அந்தக் காலாண்டில் நிறுவனம் நிகரமாக இழந்த சந்தாதாரர்கள் சுமார் 19,000. முந்தைய ஆண்டு அதே காலாண்டில், ஏஎம்சி கைவசம் இருந்தபோது, இழந்தது சுமார் 1,11,000. சேனல் இல்லாத காலாண்டில் இழப்பு குறைவு!

அதே ஜூலையில் வயாகாம் என்ற குழுமத்தின் சேனல்கள் டைரக்டிவியிலிருந்து பத்து நாள் காணாமல்போயின. அப்போது வயாகாம் தன் நிகழ்ச்சிகளின் முழுப் பகுதிகள் பலவற்றை இணையத்திலிருந்தும் எடுத்துவிட்டது. டிஷ்ஷில் இல்லாவிட்டால் இணையத்தில் பார்த்துக்கொள்வார்களே, பிறகு யார் சண்டை போடுவார்கள் என்ற பயம். மக்கள் எங்கே போவார்கள் என்பது சேனல்காரருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் 4

நேற்றைய கணக்கில் ஓட்டை இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். நிகர இழப்பு என்பது போனவர்களில் வந்தவர்களைக் கழித்தது. ஏஎம்சிக்காகப் பத்தாயிரம் பேர் போயிருந்து, வேறு சலுகைக்காகப் பத்தாயிரம் பேர் வந்திருந்தால் ஒன்றும் தெரியாது. 2012இல் அவர்களுக்குப் புதியவர்கள் அதிகம் வந்தார்கள். ஆகவே "யாரும் போகவில்லை" என்பதற்கு அது சான்று ஆகாது. "கப்பல் மூழ்கவில்லை" என்பதற்குத்தான் சான்று.

செப்டம்பர் 5

"விலகியவர்கள் சொன்ன காரணத்தை நிறுவனம் பதிவு செய்யுமே, அதில் தெரியாதா?" என்று கேட்கிறார் ஒருவர்.

பதிவு செய்தவன் நான். எங்கள் கணினித் திரையில் காரணங்களின் பட்டியல் ஒன்று விழும். கட்டணம், வீடு மாற்றம், சிக்னல் கோளாறு, சேனல் இல்லை, மற்றவை. கட்டணம் என்று தேர்ந்தெடுத்தால் "என்ன சலுகை அளித்தீர்கள், ஏன் ஏற்கவில்லை" என்று இன்னும் நான்கு கட்டங்களை நிரப்பவேண்டும். சிக்னல் என்றால் ஆளை அனுப்பினாயா என்று மேற்பார்வையாளர் கேட்பார். "சேனல் இல்லை" என்றால் ஒரே சொடுக்கு, அழைப்பு முடிந்தது. பணிநேரம் முடியும் வேளையில் போனவர்கள் எல்லோரும் சேனலுக்காகவே போனார்கள். அந்தப் புள்ளிவிவரத்தை வைத்து மேலே யாரோ சேனல் வாங்கும் திட்டம் தீட்டியிருப்பார்கள். என்னை மன்னிக்கட்டும்.

செப்டம்பர் 8

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நியாயமாக இராது. நானே ஒருமுறை மாறியிருக்கிறேன். அந்த வேலையை விட்டு இரண்டு ஆண்டு கழித்து. அப்பா பார்க்கும் செய்திச் சேனல் ஒன்றை எங்கள் நிறுவனம் எடுத்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இரவு ஒன்பது மணிக்கு அந்த எண்ணை அழுத்திவிட்டு, "இந்தச் சேனல் தற்போது கிடைக்கவில்லை" என்ற நீலத் திரையைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். பிறகு படுக்கப் போய்விடுவார். இரண்டு வாரம் இதைப் பார்த்தேன், மாற்றிவிட்டேன்.

மாற்றுவது என்றால் என்ன என்று மறுபக்கத்திலிருந்து அப்போதுதான் தெரிந்தது. பழைய தட்டை வந்தவர் கழற்ற மாட்டேன் என்றார், அது அவர் வேலை இல்லையாம். புதிய செயற்கைக்கோள் வேறு திசையில் இருந்ததால் தட்டைப் பழைய இடத்தில் வைத்தால் மரக்கிளை மறைத்தது. கூரையின் மறுமூலையில் நான்கு புதிய துளைகள். நீளம் போதாத வயருக்கு நடுவில் ஒரு இணைப்பு; மழை பெய்தால் முதலில் காலை வாருவது அந்த இணைப்புதான். அப்பாவின் ரிமோட்டுக்குப் பின்னால் ஒரு அட்டைத் துண்டு ஒட்டியிருக்கும். அவர் கையால் எழுதிய பதினாறு சேனல் எண்கள், கறுப்பு மையில். விளையாட்டு மட்டும் சிவப்பில். பதினாறும் ஒரே நாளில் பொய்யாகிவிட்டன. புது அட்டை எழுத அவருக்கு மூன்று வாரம் ஆனது.

ஏழாம் மாதம், புதிய நிறுவனம் அதே செய்திச் சேனலை எடுத்துவிட்டது.

செப்டம்பர் 9

மேலே எழுதியதை மனைவி படித்தாள். "பொய்" என்றாள்.

அவள் சொல்வது இது. சேனல் போய் இரண்டு வாரம் நான் ஒன்றும் செய்யவில்லை. ஒருநாள் அப்பாவுக்காகப் பழைய நிறுவனத்தை அழைத்தேன். நாற்பது நிமிடம் இசை கேட்கவைத்தார்கள். கடைசியில் எடுத்தவர் அந்த அச்சடித்த தாளின் முதல் வரியை எனக்கே படித்துக் காட்டினார். "உங்கள் கட்டணம் உயரக்கூடாது என்பதற்காகவே..." நான் எத்தனை நூறு முறை படித்த வரி! அன்று மாலையே மாற்றினேன். "சேனலுக்காக இல்லை, ரோஷத்துக்காக" என்கிறாள்.

யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதுதான் சரி. என்னை யாராவது அன்று காரணம் கேட்டிருந்தால் நானும் "சேனல் இல்லை" என்றே சொல்லியிருப்பேன். கௌரவமான காரணம் அது. ஆகவே செப்டம்பர் 5 குறிப்பைத் திருத்துகிறேன்: சோம்பேறித்தனத்தால் நான் தட்டிய பொய்களோடு, அழைத்தவர்கள் தங்களுக்கே சொல்லிக்கொண்ட பொய்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

செப்டம்பர் 11

நேற்று அமெரிக்க அதிபர் வேட்பாளர் விவாதம். நடத்தியது ஏபிசி, டைரக்டிவி வீடுகள் பலவற்றில் கறுத்துக் கிடக்கும் அதே ஏபிசி. ஆனால் விவாதத்தை மற்ற சேனல்களும் நேரலையாகக் காட்டின. யாருக்கும் நட்டமில்லை. வேறெங்கும் கிடைக்காத ஒன்று அந்தச் சேனலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. செய்தி பத்து இடத்தில் வரும். பழைய படம் இருபது இடத்தில் வரும். நேரலைப் போட்டி ஒரே இடத்தில்தான்.

போகவிடாமல் பிடிப்பதிலும் ஒன்றுண்டு, சேனலைவிடப் பலமான பிடி: பதிவுப் பெட்டி. அதில் சேமித்தவை அந்தப் பெட்டிக்கு மட்டுமே பூட்டப்பட்டவை. நிறுவனம் மாறினால் பெட்டியோடு போய்விடும். "என் பேத்தி பாடியது ஒரு நிகழ்ச்சியில் வந்தது, அது உள்ளே இருக்கிறது, பெட்டியைத் தராமல் இணைப்பை மட்டும் துண்டிக்க முடியுமா?" என்று ஒரு அம்மா கேட்டார். முடியாது என்றேன். "அப்படியானால் இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார். எத்தனை ஆண்டு இருந்தாரோ.

செப்டம்பர் 12

கைபேசி எண்ணை வைத்துக்கொண்டே நிறுவனம் மாறலாம் என்ற வசதி இந்தியாவில் 2011 முதல் நாடு முழுவதும் இருக்கிறது. செட்டாப் பாக்ஸுக்கு அப்படி இல்லை. எந்தப் பெட்டியும் எந்த நிறுவனத்துக்கும் பொருந்த வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது. அது வந்திருந்தால் இந்த இழைக்கே வேலை இருந்திராது. மாறுவது சுலபமாக இருந்தால் சேனலை எடுக்கவே யோசிப்பார்கள்.

செப்டம்பர் 15

டிஸ்னியும் டைரக்டிவியும் நேற்று சமாதானம். சேனல்கள் திரும்பிவிட்டன. விளையாட்டு தனி, குழந்தைகள் தனி என்று சின்னச் சின்னத் தொகுப்புகளாக விற்க டைரக்டிவிக்கு வழி கிடைத்திருக்கிறது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மாறுவதற்கு ஆளை வரச் சொல்லி நாள் வாங்குவதற்குள் சண்டை முடிந்துவிடுகிறது. நேரலை விளையாட்டு இருக்கும் பக்கம் சண்டை சீக்கிரம் முடிகிறது; மற்றவை மாதக்கணக்கில் இழுக்கின்றன. டிஷ் நெட்வொர்க்கில் எச்பிஓ சேனல் 2018 நவம்பரில் போனது, திரும்ப 2021 ஆகிவிட்டது.

செப்டம்பர் 17

பெரிய திருத்தம். வெளிநாட்டில் வாழும் ஒருவர் கேட்கிறார்: "தமிழ்ச் சேனல் ஒன்றுக்காகவே நாங்கள் டிஷ் வைத்தோம். அது போனால் அந்தத் தட்டு எதற்கு? மாடியில் துணி காயவைக்கவா?"

சரியான அடி. முதல் நாள் "மாற மாட்டீர்கள்" என்று நான் சொன்னது, நூறு சேனலில் ஒன்று போகும் வீட்டுக்குத்தான் பொருந்தும். வீட்டில் ஒலிக்கும் மொழியே போனால் கதை வேறு. யூனிவிஷன் என்ற ஸ்பானிய மொழிக் குழுமம் 2018 ஜூன் கடைசியில் டிஷ் நெட்வொர்க்கிலிருந்து விலகி அடுத்த மார்ச்சில்தான் திரும்பியது. அந்த விலகலால் சந்தாதாரர்களை இழந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. எங்கள் மேசைக்கும் அப்படி அழைப்புகள் வந்ததுண்டு. அவர்கள் கத்தவில்லை என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. "எங்கள் மொழிச் சேனல் எப்போது வரும்?" என்று கேட்டார்கள், தெரியாது என்றதும் பெட்டியைப் பற்றிக் கேட்டார்கள்.

ஆக, எத்தனை சேனல் போகிறது என்று எண்ணிப் பயனில்லை. அந்த வீட்டில் தொலைக்காட்சியைப் போடும் கை எந்த எண்ணுக்காகப் போடுகிறது என்று பார்க்கவேண்டும்.

செப்டம்பர் 23

கொஞ்சம் வேறு பேச்சு. சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டும் இந்தப் பருவத்தில், ஆண்டுக்கு இருமுறை, சில நாள்களுக்குப் பகலில் சில நிமிடம் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அதன் இரைச்சலில் சிக்னல் மூழ்கிவிடும். படம் கட்டம் கட்டமாக உடையும். எங்களுக்கு அந்த வாரங்கள் திருவிழா. "இன்று எந்தச் சேனலை எடுத்தீர்கள்?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். சூரியன் ஐயா என்றேன். மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொன்னார்.

செயற்கைக்கோளே கைவிட்ட கதையும் உண்டு. 2010 ஜூலை 7 அன்று இன்சாட்-4பி என்ற இந்தியச் செயற்கைக்கோளின் சூரியத்தகட்டு மின்சாரத்தில் கோளாறு வந்து, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்கவேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த சன் டைரக்டின் சேனல்கள் பல காணாமல்போயின. சேவை மலேசியாவின் மீசாட்-3 செயற்கைக்கோளுக்கு மாறியது, தட்டுகளைத் திசை திருப்ப வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள்: எப்படியும் ஒருவர் ஏணியோடு கூரையில் ஏறவேண்டும் என்றால், ஏறுகிறவர் எந்த நிறுவனத்து ஆளாக இருந்தால் என்ன என்று தோன்றாதா? மாறும் எண்ணம் ஏணி சாய்த்த பிறகுதான் வருகிறது.

அக்டோபர் 1

டைரக்டிவி, டிஷ் நெட்வொர்க்கை வாங்கப்போவதாக நேற்று அறிவிப்பு. விலை ஒரு டாலர்! கூடவே சுமார் 975 கோடி டாலர் கடனையும் தலையில் ஏற்றிக்கொள்ளவேண்டும். 2002இல் இந்த இரண்டும் சேர முயன்றபோது, போட்டியே இராது என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் மறுத்தது. இன்று நிலைமை வேறு. இரண்டு தட்டுகளையும் விட்டுவிட்டு மக்கள் இணையத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இழையில் முதலிலிருந்தே "வேறு டிஷ்ஷுக்கு" என்று பேசிக்கொண்டிருக்கிறோம். என் மேசையில் கடைசி ஆண்டில் பெட்டியைப் பற்றி மட்டும் கேட்டவர்களிடம், எந்த நிறுவனத்துக்குப் போகிறீர்கள் என்று கேட்டால், பாதிப்பேர் "எங்கேயும் இல்லை" என்றார்கள். அந்தப் பட்டியலில் அதற்கு ஒரு கட்டமே கிடையாது. "மற்றவை" என்று தட்டினோம்.

அக்டோபர் 19

முதலில் கேட்ட வாசகர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். 11 சேனல்களும் செப்டம்பர் முதல் தேதி போயின, 26ஆம் தேதி திரும்பின. மாறவில்லையாம். "ஆனால் அந்த 25 நாளில் ஒருவரும் தொலைக்காட்சியைப் பற்றிக் கேட்கவில்லை. மகள் கைபேசியில் பார்த்தாள், மனைவி படித்தாள். வந்த பிறகும் நாங்கள் அதிகம் போடவில்லை. இந்த மாதச் சந்தாவைக் கட்டும்போது முதல்முறையாகக் கை தயங்கியது."

உங்கள் கேள்வி இம்முறை நான்கு வரிக்குள் அடங்கிவிட்டதைக் கவனிக்கிறேன்.

நவம்பர் 23

ஒரு டாலர் பேரம் முறிந்துவிட்டது. டிஷ்ஷின் கடன்பத்திரக்காரர்கள் தங்கள் பணத்தில் வெட்டு விழுவதை ஏற்கவில்லை. இரண்டு தட்டுகளும் தனித்தனியாகவே இருக்கும்.

அப்பாவின் செய்திச் சேனலும் போன வாரம் எங்களுக்குத் திரும்பியது. பதிவுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இரவு ஒன்பது மணிச் செய்தியைத் தினமும் பதியச் சொல்லி அவர் எப்போதோ கட்டளை வைத்திருந்திருக்கிறார். பெட்டி ஒருநாள்கூடத் தவறவில்லை. அரைமணி அரைமணியாக வரிசையாக அந்த நீலத் திரை, "இந்தச் சேனல் தற்போது கிடைக்கவில்லை". இடம் நிரம்பிவிட்டதால் பழைய போட்டிகள் சில தானாகவே அழிந்துபோயிருந்தன. எல்லாவற்றையும் நீக்கிவிடவா என்று கேட்டேன். "சேனல் வந்துவிட்டதா?" என்றார். வந்து ஒரு வாரம் ஆயிற்று என்றேன்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அந்த எண்ணை எப்போதோ அடித்துவிட்டு, மேலே வேறொரு எண்ணை எழுதியிருந்தார்.